சீறுகிற தாய்ப் பூனை... சிணுங்குகிற குட்டிகள்!

கன்றுக்குப் பால் மறக்கடிப்பது எப்படி, ஆட்டுக்குட்டியை எத்தனை மாதத்தில் தாயிடமிருந்து பிரிப்பது என்றெல்லாம் விவசாயிகள் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பூனையைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால், விதைக் கடலைக்காயையும், நெல் மூட்டையையும், மாட்டுக்கு வாங்கி வைத்த புண்ணாக்கையும் எலியிடமிருந்து காப்பாற்றுவது யார்? சம்பளம் கேட்காமல் ராத்திரி முழுக்க வேலை செய்கிற அந்த ஜீவனுக்கு நாம் செய்கிற கைம்மாறு என்ன தெரியுமா? குட்டி போட்ட ஒரு மாதத்தில், குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கமோ, கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவதுதான்.

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கடலை, மாட்டுக்குச் சோளத்தட்டு, எட்டு உருப்படி வெள்ளாடு. தோட்டத்துச் சாளையில் ஓர் அறை முழுக்க விதைக்கு எடுத்து வைத்த கடலைக்காய் மூட்டைகள் இருக்கும். அந்த அறைக்குக் காவல் வெள்ளச்சி என்கிற எங்கள் பெட்டைப் பூனை. போன மாசியில் அவள் தட்டுப்போருக்குள் நாலு குட்டி போட்டாள். அந்த நாலும் பால் மறந்து, பிழைத்து, ஆளுக்கொரு வீடு போய்ச் சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பூனை வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும்.

ஏழு வீடு மாற்றும் தாய்

பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று சொல்வார்கள். வெள்ளச்சி மூன்று இடம் மாற்றினாள். முதலில் தட்டுப்போர். அந்தப் பக்கம் ஒரு கடுவன் பூனை சுற்ற ஆரம்பித்ததும், குட்டிகளைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்து சாளையின் அட்டாலியில் வைத்தாள். கடுவன், குட்டிகளைக் கொன்றுபோடும் என்பது அவளுக்குத் தெரியும். குட்டிகள் தவழ ஆரம்பித்ததும், மேலிருந்து விழுந்துவிடும் என்றோ என்னவோ, கடலை அறை மூலைக்கு இறக்கிவிட்டாள். அங்கே ஒரு பழைய கூடையைச் சாய்த்து வைத்து, உள்ளே பருத்தித் துணியை விரித்துக் கொடுத்தேன். அதில் தங்கிவிட்டாள்.

குட்டிகள் பிறந்து 10 நாளில் கண் திறந்தன. மூன்றாவது வாரத்தில் தள்ளாடி நடந்தன. அதுவரை நமக்குப் பெரிய வேலை இல்லை. தாய்க்கு வயிறாரச் சாப்பாடு, பக்கத்திலேயே தண்ணீர், தொந்தரவு இல்லாத இடம் ஆகிய மூன்றும் போதும். பால் கொடுக்கிற பூனை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்குகூட சாப்பிடும். ‘எலி பிடிக்கிற பூனைக்கு எதற்குச் சோறு? பட்டினி போட்டால்தானே எலி பிடிக்கும்’ என்பவர்கள் உண்டு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கத்தான் செய்யும். வேட்டை அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. பட்டினி கிடக்கிற தாய்க்குப் பால் வற்றும். குட்டிதான் சாகும்.

‘ஏனம்மணி, பூனைக்குப் பைத்தியமா?’

ஐந்தாவது வாரத்தில்தான் சங்கதி ஆரம்பித்தது. பால் குடிக்க ஓடி வருகிற குட்டியைப் பார்த்து வெள்ளச்சி சீறினாள். ஒன்றின் தலையில் பொட்டென்று ஓர் அறை விட்டாள். மடியை மறைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள். குட்டிகள் ‘மியா மியா’ என்று அலறின.

என் மாமியார் பார்த்துவிட்டு, “ஏனம்மணி, இந்தப் பூனைக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சுதா? பெத்த குட்டியவே இந்த அடி அடிக்குது. குட்டிகளக் கொண்டுபோயி எங்காச்சும் உட்டுட்டு வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“இல்லீங்கத்தை. அது பால் மறக்கடிக்குதுங்க. பல்லு மொளச்சிருச்சல்லங்க, காம்புல கடிச்சா அதுக்கு வலிக்குமுங்க” என்று சொல்லி, ஒரு குட்டியின் வாயைத் திறந்து காட்டினேன். அரிசி நொய் மாதிரி வெள்ளைப் பற்கள். ஊசி போலக் கூர்மை. அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, “அட, ஆமாங்கண்ணு” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாக்குப் பேச்சு எழவில்லை.

இதைத்தான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். நான்காவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம் வரை, தாய்ப் பூனை கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைக் குறைக்கும். சீறுவதும், அறைவதும், எழுந்து போய்விடுவதும் அதற்கான வழிகள். அந்த அறையில் நகம் வெளியே வராது. குட்டிக்குக் காயமும் ஆகாது. ‘தாயே வெறுத்துவிட்டது, இனிக் குட்டிகளைப் பிரித்துவிடலாம்’ என்று நாம் முடிவு எடுக்கிறோம். நிஜத்தில், தாய் இன்னும் முக்கியமான பாடங்களை நடத்தவேண்டிய நேரம் அது.

நாம் செய்யவேண்டியது, தாய் தப்பித்துப் போக ஓர் உயரமான இடம் கொடுப்பது. நான் இடுப்பு உயரத்தில் ஒரு பலகையை அடித்து, அதன் மேல் சாக்கை மடித்துப் போட்டேன். குட்டிகளால் ஏற முடியாது. வெள்ளச்சி நினைத்தபோது மேலே போய்ப் படுத்துக்கொள்வாள், நினைத்தபோது இறங்கி வந்து பால் கொடுப்பாள். அவளுடைய சாப்பாட்டையும் அந்தப் பலகையிலேயே வைத்தேன். இல்லையென்றால் குட்டிகள் புகுந்து பிடுங்க, தாய் அரை வயிறோடு ஒதுங்கிவிடும். பலகை வந்த பிறகு அறையில் சீறல் சத்தம் பாதியாகக் குறைந்தது.

குட்டிக்கு என்ன கொடுப்பது?

நான்காவது வாரக் கடைசியில், தாயின் சாப்பாட்டை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால், குட்டி தயார் என்று அர்த்தம். எங்கள் வீட்டு நாட்டுக்கோழி முட்டையை வேகவைத்து, மசித்து, வெந்நீர் விட்டுக் கூழ் மாதிரி குழைத்து, தட்டையான வட்டலில் வைத்தேன். குழிவான கிண்ணம் ஆகாது. முகம் மூழ்கிப் புரையேறும். முதல் நாள் நாலும் வட்டலுக்குள்ளேயே நடந்து, காலை நக்கிக் காலி செய்தன. பிறகு முள் எடுத்த வேகவைத்த மீன், கோழிக்கறி, வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் கோழி ஈரல் என்று மாற்றிக் கொடுத்தேன். குட்டியின் வயிறு சின்னது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கவேண்டும். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் அது சீக்கிரம் கெட்டு, எறும்பும் ஈயும் மொய்க்கும்.

‘பால்சோறும் தயிர்சோறும் போதாதா?’ என்று கேட்பார்கள். போதாது. மாட்டுப்பால், பூனைப்பாலுக்கு ஈடாகாது. பூனைப்பாலில் புரதமும் கொழுப்பும் அதிகம். மாட்டுப்பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றால் போகும். கைப்பிடி அளவு உடம்பு. ஒரே நாள் பேதியில் நீர் வற்றிச் சுருண்டுவிடும். அதோடு, டாரின் என்கிற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. கறி, மீன் வழியாகத்தான் கிடைக்கவேண்டும். அது இல்லாமல் போனால், நாளடைவில் கண் பார்வை மங்கும், இதயம் வீங்கும். சைவ வீடாக இருந்தால் முட்டையோடு, கடையில் விற்கிற பூனைக்குட்டித் தீவனத்தை ஊறவைத்துக் கொடுக்கலாம்.

குழம்புச் சோற்றையும் தவிர்த்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாட்டை அப்படியே போடாதீர்கள். உப்பு அதிகம்.

தராசு சொல்லும் சேதி

நெய் நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை குட்டிகளை நிறுத்தேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால், ஆரோக்கியமான குட்டி ஒரு நாளைக்கு சுமார் 10 முதல் 15 கிராம் ஏறும். அந்தக் கணக்கு தப்பினால், கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும். நாலில் மூன்று, 30-ம் நாளில் 400 கிராமைத் தாண்டின. கடைசிக் குட்டி மட்டும் 290. தொடர்ந்து நாலு நாள் ஏறவே இல்லை. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது.

கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். பார்த்ததுமே “குடற்புழுங்க” என்றார். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வருமாம். எடைக்குத் தகுந்தபடி நாலு குட்டிக்கும் மருந்து கொடுத்தார். தாய்க்கும் அன்றைக்கே கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னார். மூன்று வாரக் குட்டியிலிருந்தே இந்த மருந்தைத் தொடங்கலாம் என்றும், ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அடுத்த பத்து நாளில் அந்தக் குட்டி 400-ஐத் தொட்டது.

வேட்டைப் பள்ளிக்கூடம்

இதே நேரத்தில் வெள்ளச்சி இன்னொரு வேலையையும் ஆரம்பித்திருந்தாள். ஐந்தாவது வாரம் செத்த சுண்டெலியைக் கொண்டுவந்து குட்டிகள் முன்னால் போட்டு, தனியான ஒரு குரலில் கூப்பிட்டாள். அடுத்த வாரம் குற்றுயிரான எலி. அது ஓட, குட்டிகள் விரட்ட, தப்பிப்போனால் அவளே பிடித்துவந்து மறுபடி போடுவாள். எட்டாவது வாரம், மூட்டை இடுக்கிலிருந்து ஒரு குட்டி தானே ஒரு சுண்டெலியைக் கவ்விக்கொண்டு வந்தது.

30 நாளில் பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைக்காது. விளையாடும்போது எவ்வளவு கடிக்கலாம், எப்போது நகத்தை உள்ளே இழுக்கவேண்டும் என்பதையும் தாயும் உடன்பிறப்புகளும்தான் கற்றுக்கொடுக்கின்றன. பின்லாந்தில் 5,700-க்கும் மேற்பட்ட வீட்டுப் பூனைகளின் விவரங்களைத் திரட்டிச் செய்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் அதிகமாக இருந்ததாக அது சொல்கிறது. பூனை கடிக்குது, பிறாண்டுது என்று அலுத்துக்கொள்பவர்கள், அதை எத்தனை நாள் குட்டியாக வாங்கிவந்தோம் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊரிலேயே, வேறு ஒரு வீட்டிலிருந்து 28 நாள் குட்டியை ஒருவர் தன் பேத்திக்காகக் கொண்டுபோனார். பாட்டிலில் மாட்டுப்பால் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பேதி, ஐந்தாம் நாள் குட்டி இல்லை. அந்தக் குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்த வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தாயிடம் இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குட்டி, அவ்வளவுதான்.

தோட்டத்தில் இருக்கும் ஆபத்துகள்

குட்டிகள் வெளியே வர ஆரம்பித்தால், விவசாயி வீட்டில் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

எலி மருந்தும் பூனையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஜிங்க் பாஸ்பைடு, புரோமாடியோலோன் எதுவாக இருந்தாலும், அதைத் தின்ற எலியைத் தாய் கொண்டுவந்து குட்டிகளுக்குப் போட்டால், குடும்பமே போய்விடும். அக்கம்பக்கத்துத் தோட்டத்தாரிடமும் சொல்லி வையுங்கள்.

மாட்டு உண்ணிக்கு அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளைப் பூனை மேல் தெளிக்கவே கூடாது. பூனையின் கல்லீரலால் அவற்றை முறிக்க முடியாது. நடுக்கம் கண்டு இறந்துவிடும். தெள்ளுப்பூச்சி இருந்தால் குட்டிகளை மெல்லிய சீப்பால் வாரி, துணியை வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

அடுத்தது, ஆடு வளர்ப்பவர்களுக்கு. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரி இருக்கக்கூடும். முதன்முதலாக எலி தின்னத் தொடங்கும் இளம் பூனைகளிடம் இது வர வாய்ப்பு அதிகம். தீவனத்தில் கலந்தால், சினை ஆடுகளுக்குக் குட்டி வீசும். எங்கள் ஆடுகளில் மூன்று சினையாக இருந்ததால், அறைக்கு வெளியே ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் மண்ணும் மரத்தூளும் போட்டு வைத்தேன். மூன்று, நாலு வாரக் குட்டிகள் தாமாகவே அதில் தோண்டிப் போகப் பழகிக்கொள்ளும். வெளியேறிய கிருமி, நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் தினமும் அள்ளி ஆழமாகப் புதைத்துவிட்டால் பாதி கவலை விட்டது. தீவன மூட்டையையும் தட்டுப்போரையும் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் செய்யவேண்டாம்.

ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்

எட்டு வாரம் முடிந்ததும் குட்டிகள் முழுக்கத் தீனிக்கு மாறிவிட்டன. ஆனாலும் பத்து வாரம் வரை வைத்திருந்தேன். எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி போட்டோம். மூன்று, நாலு வார இடைவெளியில் அடுத்த ஊசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி என்று அட்டையில் எழுதி, குட்டி வாங்கியவர்களிடம் அந்த அட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

நாலையும் ஒரே நாளில் தூக்கிக் கொடுக்கவில்லை. முதல் குட்டி போய் ஐந்து நாள் கழித்து இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மொத்தமாகப் பிரித்தால், மிச்சமிருக்கிற பால் தேங்கி மடிநோய் வரலாம். மாட்டுக்கு வருவது போலத்தான். மடி கல் மாதிரி இறுகி, சூடாக, சிவந்து இருந்தால், தாய் சாப்பிடாமல் படுத்திருந்தால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பால் வற்றவேண்டும் என்று பிழிந்து விடாதீர்கள். பிழியப் பிழிய சுரக்கும். அந்தச் சமயத்தில் தாயின் தீனியை மெல்ல மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

குட்டி போன அன்று ராத்திரி வெள்ளச்சி அறை முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டாள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் தேறிவிட்டாள். எடை ஏறாமல் இருந்ததே அந்தக் கடைசிப் பெட்டைக்குட்டி, அதை மட்டும் தாயோடு நாங்களே வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஈத்து வேண்டுமா?

பால் கொடுக்கிற பூனை சினை பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குட்டிகள் பால் குடித்துக்கொண்டு இருக்கும்போதே சில பூனைகள் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான். வருடத்துக்கு இரண்டு, மூன்று ஈத்து போட்டால் தாய் எலும்பும் தோலுமாகிவிடும். பெட்டைக்குட்டியும் நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். சந்தையில் சாக்கோடு விடப்படுகிற குட்டிகள் எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவைதான்.

அதனால் கடைசிக் குட்டியும் பால் மறந்து, மடி வற்றி, இரண்டு வாரம் கழித்து வெள்ளச்சிக்குக் கருத்தடை அறுவை செய்தோம். அதுவரை ராத்திரியில் கடலை அறையிலேயே அடைத்து வைத்தோம், கடுவன் கண்ணில் படாமல். குட்டிக்கும் ஐந்து மாதத்தில் செய்தாகிவிட்டது. பெரிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவமனைகளிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரித்தால் வழி சொல்வார்கள். “அறுத்துட்டா எலி புடிக்காதுங்களே” என்று ஒரு பெரியவர் கேட்டார். இந்த ஆனியில் விதைக்க மூட்டைகளைப் பிரித்தபோது, ஒரு சாக்கில்கூட எலி ஓட்டை இல்லை. அவரையே அழைத்துக் காட்டினேன்.

உங்கள் வீட்டுப் பூனை இப்போது குட்டிகளோடு இருந்தால், குட்டி கேட்டு வருபவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்: “பத்து வாரம் ஆகட்டுங்க, ஊசி போட்டு, எலி பிடிக்கத் தெரிஞ்ச குட்டியாவே தர்றேன்.” நிஜமாகவே பூனை வேண்டும் என்பவர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்க முடியாதவர்களிடம் குட்டியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.